கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்று சொன்னால் போதுமா?

கேள்வி: நான் ஒரு பைனான்ஸ் நிறுவனத்தில் கிளை கிரெடிட் ஆபீசராக வேலை பார்க்கிறேன். அடமானம் இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை சிறுதொழில் கடன் தருகிறோம். தையல், பெட்டிக்கடை, கறவை மாடு, இட்லிக்கடை மாதிரி தொழில்களுக்கு. முன்பெல்லாம் நேரில் போய் வீட்டையும் கடையையும் பார்த்து நான் எழுதும் குறிப்பை வைத்துத்தான் முடிவாகும். இப்போது ஸ்கோரிங் மென்பொருள் வந்துவிட்டது. ஃபைலை லாகின் செய்த சில நிமிடங்களில் பச்சை அல்லது சிவப்பு வரும். சிவப்பு வந்தால் காரணம் எதுவும் வராது. சில மாதங்களாக ஒன்றைக் கவனிக்கிறேன். தனியாக விண்ணப்பிக்கும் பெண்களுக்கும், ஊருக்கு வெளியே காலனியில் இருப்பவர்களுக்கும் சிவப்பு அதிகம் விழுகிறது. எங்களிடமே குழுக்கடன் வாங்கி ஒரு தவணைகூடத் தவறாதவர்களுக்கும் விழுகிறது. மண்டல மேலாளரிடம் கேட்டேன். "நாம சாதியும் கொடுக்கல, ஆணா பெண்ணாங்கறதும் கொடுக்கல. கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? மனுசன் முடிவெடுத்தாத்தான் பாரபட்சம் வரும்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சுக்கா" என்று சொல்லிச் சொல்லி மனசு கனத்துப்போகிறது. என் சந்தேகம் சரிதானா? சரியென்றால், வேலைக்கு ஆபத்து இல்லாமல் நான் என்ன செய்ய முடியும்?
பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் சந்தேகம் உண்மையா என்பதை உங்கள் ஒரு கிளையின் ஃபைல்களை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் உங்கள் மேலாளர் சொன்ன காரணம் செல்லாது. இதை உறுதியாகவே சொல்கிறேன். கடன் கொடுக்கவும் வேலைக்கு ஆள் எடுக்கவும் பயன்படும் மாடல்களை, அதாவது பழைய விவரங்களிலிருந்து கற்றுக் கணிக்கும் மென்பொருள்களை, சோதித்துப் பார்ப்பது என் தொழில். "அந்த விவரத்தையே நாங்கள் கொடுப்பதில்லை" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே அதற்கு மேல் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

முதலில் அந்த மென்பொருள் எப்படிப் பழக்கப்பட்டிருக்கும் என்று பாருங்கள். நிறுவனம் முந்தைய வருடங்களில் கொடுத்த கடன்களின் பட்டியலை எடுப்பார்கள். ஒவ்வொரு கடனுக்கும் நேராக வாடிக்கையாளரின் விவரங்கள் இருக்கும்: வயது, தொழில், சிபில் ஸ்கோர், வங்கிக் கணக்கின் வரவு செலவு, செல்போன் எண் எத்தனை வருடமாக ஓடுகிறது, வீடு எங்கே இருக்கிறது, வேறு எங்கே கடன் இருக்கிறது. வரிசையின் கடைசியில், ஒழுங்காகக் கட்டினாரா இல்லையா என்று இருக்கும். கட்டாமல் விட்டவர்களின் விவரங்களில் பொதுவாக என்ன தென்படுகிறது என்று மாடல் தேடும். பட்டியலில் எந்த விவரத்துக்கு என்ன தலைப்பு எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. எந்த எண் எந்த எண்ணோடு சேர்ந்து வருகிறது என்று மட்டும் பார்க்கும்.

இப்போது உங்கள் ஊரில் தையல் தொழில் செய்யும் ஒரு பெண்ணின் ஃபைலைத் திறந்து பாருங்கள். சிம் கார்டு கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கும். மின் இணைப்பு மாமனார் பெயரில் இருக்கும். துணிக்கான கூலி ரொக்கமாக வந்து ரொக்கமாகவே செலவாகிவிடும் என்பதால் வங்கிக் கணக்கு வெறிச்சென்று கிடக்கும். வருவது என்ன? 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் வரவில் நிற்கும். ஆண், பெண் என்ற விவரத்தை நீக்கிவிட்டு வங்கி ஸ்டேட்மென்ட்டை மட்டும் மாடலுக்குக் கொடுத்தாலும், இந்த ஒரு வரவே அது பெண்ணின் கணக்கு என்று காட்டிவிடும். சுய உதவிக் குழு மூலம் அவர் வாங்கி அடைத்த கடன்களோ பல இடங்களில் தனி ஆளின் கடன் வரலாற்றில் முழுதாக ஏறுவதில்லை. ஆக, அவர் யார் என்பது தெரிகிறது. அவர் எவ்வளவு நாணயமானவர் என்பதுதான் தெரியாமல் போகிறது.

சாதியும் இப்படித்தான். கிராமப்புறத்தில் ஒரு பின்கோடுக்குள் பல ஊர்கள் வந்துவிடும் என்பதால் பின்கோடை மட்டும் வைத்துப் பெரிதாக எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஃபீல்டு விசிட்டின்போது வீட்டு வாசலில் நின்று ஆப்பில் லொகேஷன் பிடிக்கிறீர்கள் அல்லவா? நம் கிராமங்களில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது தற்செயலாக அமைந்ததில்லை. ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். முகவரியில் அந்தச் சொல் இருப்பதே சாதியைக் காட்டிக்கொடுக்கிறது என்பதால்தான் 2025 ஏப்ரலில் அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். முகவரியிலிருந்து சொல்லை எடுக்கலாம். செயற்கைக்கோள் காட்டும் இடம் மாறாது. அரைக் கிலோமீட்டர் தூரத்தை வைத்துக் கடன்களைப் பிரித்துப் பார்க்கும் மாடலுக்குச் சாதியை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் கடனுக்கு அடமானமே கிடையாது என்பதையும் கவனியுங்கள். வீட்டின் பேரில் கடன் கொடுத்தால், வீடு இருக்கும் இடத்தின் சந்தை விலையைப் பார்க்க வேண்டிய தேவை உண்டு. அடமானமில்லாத தொழில் கடனில் வீடு எந்தத் தெருவில் இருந்தால் என்ன? வசூலுக்குப் போகிற தூரம் என்று சொல்வார்கள். அப்படியானால் கிளையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற எண் போதும். துல்லியமான இடம் மாடலுக்குள் போகத் தேவையில்லை. தலைமை அலுவலகத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

விவரத்தை மறைத்தும் இயந்திரம் கண்டுபிடித்ததற்கு உலகறிந்த உதாரணம் அமேசானில் நடந்தது. வேலை விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு கருவியை 2014 முதல் அங்கே உருவாக்கினார்கள். அதற்கு முந்தைய 10 வருடங்களில் வந்த விண்ணப்பங்களை வைத்துப் பழக்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'மகளிர் செஸ் கிளப் தலைவர்' என்பது போல எங்காவது மகளிர் என்று வந்தாலே அந்த விண்ணப்பத்துக்கு மதிப்பெண் குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளில் படித்தவர்களுக்கும் குறைந்தது. அந்தச் சொற்களைக் கண்டுகொள்ளாதபடி திருத்தினார்கள். அப்புறமும் வேறு வழியில் தரம் பிரிக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் இதை வெளியிட்டது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மென்பொருள் வருவதற்கு முன்பு எல்லாம் நியாயமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். பழைய பட்டியலில் யாருக்குக் கடன் கிடைத்தது என்பதைத் தீர்மானித்தவர்கள் உங்களைப் போன்ற ஆபீசர்கள்தான். சில தெருக்களுக்கு விசிட்டே போகாமல் 'நெகட்டிவ் ஏரியா' என்று எழுதி மூடிய கிளைகள் உண்டு. உங்களைக் குறை சொல்லவில்லை. மாடல் படித்த பாடப்புத்தகம் அந்த முடிவுகளால் ஆனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்ததை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பாரபட்சம் பற்றிய பேச்சில் இதைத்தான் பலர் தாண்டிப்போகிறார்கள். கெட்ட கடன் என்று மாடலுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? கடைசிவரை பணமே வராமல் வாராக்கடன் ஆனதையா, தவணை 60 நாள் தள்ளிப்போனதையா, முதல் ஆறு மாதத்தில் இரண்டு முறை கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனதையா? மாடலைச் சீக்கிரம் தயாரிக்க வேண்டும் என்றால் சீக்கிரம் தெரிகிற அடையாளத்தைத்தான் எடுப்பார்கள். பவுன்ஸ் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பால் ஊற்றுகிற ஒருவருக்குப் பணம் பத்து நாளுக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை சொசைட்டியிலிருந்து வரும். தவணை தேதி 3 என்று நீங்களே போட்டிருப்பீர்கள். 3ஆம் தேதி கணக்கில் பணம் இருக்காது, பவுன்ஸ் ஆகும், அபராதமும் சேரும். 7ஆம் தேதி அவரே கிளைக்கு வந்து அபராதத்தோடு கட்டிவிட்டுப் போவார். உங்களைப் பொறுத்தவரை நல்ல வாடிக்கையாளர். மாடலைப் பொறுத்தவரை கெட்ட கடன். சம்பளம் 1ஆம் தேதி கணக்கில் ஏறுகிறவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. இங்கே மாடல் அளந்தது நாணயத்தை இல்லை, சம்பளத் தேதியை.

அமெரிக்க மருத்துவமனைகளில் இதே தவறு பெரிய அளவில் நடந்திருக்கிறது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று முன்கூட்டியே சொல்லும் மென்பொருள் ஒன்றை ஸியாத் ஓபர்மேயரும் உடன் ஆய்வு செய்தவர்களும் சோதித்தார்கள். 2019இல் சயின்ஸ் இதழில் வெளியானது. அந்த மென்பொருளுக்கு இனம் என்ற விவரமே கொடுக்கப்படவில்லை. நோயின் கடுமையைக் கணிக்க வேண்டியது, வரப்போகும் மருத்துவச் செலவைக் கணித்துக்கொண்டிருந்தது. ஒரே அளவு நோய் இருந்தாலும் கறுப்பினத்தவருக்காகச் செலவிடப்படும் தொகை குறைவு. வசதியும் வாய்ப்பும் குறைவு என்பதே காரணம். செலவு குறைவாக இருந்ததால் தேவையும் குறைவு என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. இந்தக் கோணலைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாகும் என்று கணக்கிட்டார்கள். கணிதத்தில் எந்தப் பிழையும் இல்லை. எதைக் கணிக்கச் சொன்னார்கள் என்பதில்தான் பிழை. உங்கள் நிறுவனத்திலும் 'கெட்ட கடன்' என்பதற்கு என்ன வரையறை என்று கேளுங்கள். மென்பொருளை விற்றவர்கள்கூட இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடத்துக்கு வருகிறேன். குழுக்கடனை ஒழுங்காக அடைத்த பெண்ணுக்குச் சிவப்பு விழுகிறது. அவருக்குக் கடன் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கட்டியிருப்பாரா? யாருக்கும் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை. பச்சை விழுந்து பணம் வாங்கிய ஒருவர் கட்டாமல் போனால் அது ரிப்போர்ட்டில் வரும், மாதாந்திரக் கூட்டத்தில் உங்களைக் கேள்வி கேட்பார்கள், அடுத்த முறை மாடலைப் புதுப்பிக்கும்போது அந்தத் தவறு உள்ளே போய் மாடல் இன்னும் கறாராகும். சிவப்பு விழுந்த நல்ல வாடிக்கையாளர் எந்த ரிப்போர்ட்டிலும் வரமாட்டார். கந்துவட்டிக்கு வாங்கித் தையல் மிஷின் வாங்கியிருப்பார், இல்லை, வாங்காமலே விட்டிருப்பார். நிறுவனத்தின் கணக்கில் அது நஷ்டமும் இல்லை, தவறும் இல்லை. இரண்டு விதத் தவறுகளில் ஒன்றை மட்டுமே பார்க்கத் தெரிந்த ஒன்று, வருடத்துக்கு வருடம் ஒரே பக்கமாகத்தான் சாயும். தனியாகக் கடன் வாங்கிய பெண்களின் எண்ணிக்கை பட்டியலில் குறையக் குறைய அவர்களைப் பற்றி மாடலுக்குத் தெரிந்ததும் குறையும், அதனாலேயே அவர்களுக்குச் சிவப்பு கூடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பச்சைக்கான எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே மதிப்பெண் வந்து சிவப்பு விழுந்தவர்களில் ஒரு சிறு பங்கினருக்குக் குலுக்கல் முறையில் சிறிய தொகை கொடுத்துப் பார்ப்பது ஒரு வழி. அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்பது மாடல் விட்டுவிட்ட பாதியைக் காட்டும். கொஞ்சம் பணம் போகலாம். அதை ஆய்வுச் செலவு என்று ஒதுக்கி வைக்கிற நிறுவனங்கள் உண்டு. இன்னொரு வழி, உங்களிடம் சிவப்பு வாங்கியவர்கள் வேறு இடத்தில் கடன் வாங்கி எப்படிக் கட்டினார்கள் என்று பார்ப்பது. பெயர் விவரமில்லாத தொகுப்பாக இந்த ஆய்வை, கடன் வரலாறுகளைத் தொகுக்கும் கிரெடிட் பீரோக்களே செய்து கொடுப்பதுண்டு. உங்கள் ரிஸ்க் டீமில் யாராவது இதில் ஒன்றைச் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டையும் செய்யாத நிறுவனம் தன் மாடல் நியாயமானது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அந்த விஷயத்தை அவர்கள் இன்னும் அளந்தே பார்க்கவில்லை.

"மாடல் 90 சதவீதம் துல்லியம்" என்று சொன்னாலும் விடாதீர்கள். மொத்தச் சராசரி யாரையும் மறைத்துவிடும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களை ஜாய் பூலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற ஆய்வாளர்கள் 2018இல் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களில் 34.7 சதவீதம் வரை போனது. பிரித்துப் பார்க்கும்வரை அது தெரியவில்லை. பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் யார் பெண், யார் ஆண் என்ற விவரம் சோதிப்பவர் கையில் இருக்க வேண்டும். எனவே ஆண், பெண் விவரத்தை மாடலுக்குக் கொடுக்காதீர்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களில் (கேஒய்சி) அது இருக்கத்தானே செய்கிறது. சோதனைக்கு மட்டும் எடுத்து வையுங்கள். சாதியை விண்ணப்பத்தில் கேட்க ஆரம்பிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தக் கேள்வியே கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரைக் கூச வைக்கும், பதில் யார் கைக்குப் போகும் என்பதும் தெரியாது. அரசின் குக்கிராமப் பட்டியல்களில் ஆதிதிராவிடர் குடியிருப்புகள் தனியே குறிக்கப்படுவதுண்டு. வீடுகளின் இடத்தை அதோடு ஒப்பிட்டுத் தொகுப்பாகப் பார்த்தாலே போதுமான அளவுக்குத் தெரிந்துவிடும்.

எதைப் பிரித்துப் பார்ப்பது? எளிய கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு பேச்சுக்கு, 200 ஆண்கள் விண்ணப்பித்து 120 பேருக்குப் பச்சை. 100 பெண்கள் விண்ணப்பித்து 39 பேருக்குப் பச்சை என்று வையுங்கள். ஆண்களில் 60 சதவீதம், பெண்களில் 39. பெண்களின் விகிதம் ஆண்களுடையதில் 65 சதவீதம்தான். அமெரிக்காவில் வேலைக்கு ஆள் எடுப்பதில் 1978 முதல் ஐந்தில் நான்கு என்று ஒரு விதி இருக்கிறது. ஒரு பிரிவின் தேர்வு விகிதம் மற்றதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் காரணத்தை விசாரிக்க வேண்டும். நம் ஊர்க் கடனுக்கு அந்த விதி கிடையாது. ஆனால் விசாரிக்க வேண்டுமா என்று முடிவுசெய்ய நல்ல அளவுகோல். குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நியாயத்துக்கு ஒரே ஒரு அளவுதான் இருக்கிறதா என்றால், இல்லை. இதில் அமெரிக்காவின் புளோரிடாவில் பெரிய விவாதமே நடந்தது. கைதானவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்கும் காம்பாஸ் என்ற மென்பொருளை 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. மறுபடி குற்றமே செய்யாதவர்களில், ஆபத்தானவர் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டவர்கள் கறுப்பினத்தவரில் 44.9 சதவீதம், வெள்ளையரில் 23.5 சதவீதம். மென்பொருளைத் தயாரித்த நிறுவனம், ஒரே மதிப்பெண் வாங்கிய இரு தரப்பினரும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் மறுபடி குற்றம் செய்கிறார்கள், ஆகவே மென்பொருள் நியாயமானது என்றது. இரண்டு கணக்குமே சரி. இரு பிரிவுகளில் அடிப்படை விகிதம் வேறாக இருந்தால், எப்போதும் தப்பாமல் கணிக்கிற மாடலைத் தவிர வேறு எதனாலும் இந்த இரண்டு நியாயங்களையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது என்று பின்னர் கணிதப்படி நிறுவினார்கள். ஆக, எந்த நியாயம் வேண்டும் என்று யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து முடிவு செய்தே ஆக வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்த முடிவை எடுத்தவர் யார்? யாரும் எடுக்கவில்லை என்றால், மென்பொருளின் ஆரம்ப அமைப்பே எடுத்துவிட்டது என்று பொருள்.

கடனைப் பொறுத்தவரை நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை. திருப்பிக் கட்டக்கூடியவர்களில் ஆண்களுக்கு எவ்வளவு வாய்ப்போ அவ்வளவு வாய்ப்பு பெண்களுக்கும், ஊருக்குள் இருப்பவருக்கு எவ்வளவோ அவ்வளவு காலனியில் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் கடன் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கட்ட முடியாதவர் தலையில் கடனை ஏற்றிவிட்டு வசூலுக்கு ஆள் அனுப்புவதும் அநியாயம்தான். உங்கள் மாவட்டத்தில் நீங்கள் அதையும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை. 2019இல் ஆப்பிள் கார்டு பெண்களுக்குக் குறைந்த கடன் வரம்பு தருகிறது என்று பெரிய புகார் எழுந்தது. நியூயார்க் மாநில நிதித் துறை கிட்டத்தட்ட 4 லட்சம் விண்ணப்பங்களை ஆராய்ந்து, சட்டவிரோதப் பாகுபாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று 2021 மார்ச்சில் சொன்னது. அதே அறிக்கை, வாடிக்கையாளருக்குக் காரணத்தைச் சரியாக விளக்காததைக் குறையாகவும் குறிப்பிட்டது. உங்கள் விஷயத்திலும், தனியாக விண்ணப்பிக்கும் பெண்களில் பலருக்கு ஏற்கெனவே மூன்று நான்கு குழுக்கடன்கள் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் சிவப்புக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஒரு கிளையில் சில மாதங்களில் வரும் ஃபைல்கள் இதைப் பிரித்தறியப் போதாது. சந்தேகத்தைச் சந்தேகமாகவே வைத்துக் கேளுங்கள். குற்றச்சாட்டாக வைத்தால் கேள்வி அப்படியே நின்றுவிடும், உங்கள் பெயர் மட்டும் மிஞ்சும்.

அப்புறம், வேலை. முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் விவரங்களை உங்கள் போனில் படமெடுத்தோ, உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பியோ ஆதாரம் சேர்க்காதீர்கள். நிறுவன விதிப்படி மாட்டிக்கொள்வது நீங்களாக இருக்கும். அந்தப் பெண்களின் விவரமும் வெளியே போய்விடும்.

உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வழி டெவியேஷன். சிவப்பு விழுந்த ஃபைலை, காரணம் எழுதி மேல் அதிகாரியின் ஒப்புதலுக்கு அனுப்பும் வசதி பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு. உங்கள் மென்பொருளில் அது மூடப்பட்டிருந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுதும்போது 'நல்ல வாடிக்கையாளர்' என்று எழுதாதீர்கள். 'நம்மிடம் குழுக்கடன் 24 தவணை, ஒன்றும் தவறவில்லை. வாரம் சராசரி 18 ரவிக்கை தைக்கிறார், ஆர்டர் நோட்டு பார்த்தேன். சிம் கணவர் பெயரில், 9 வருடமாக அதே எண்' என்று சரிபார்க்கக்கூடியதாக எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் எழுதினால் அதுவே இன்னொரு பாரபட்சமாகிவிடும். குழுக்கடனை முழுதாக அடைத்த எல்லோருக்கும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, அதில் வரும் ஒவ்வொரு சிவப்புக்கும் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த டெவியேஷன் கடன்கள் எப்படிக் கட்டப்பட்டன என்பது நிறுவனத்தின் சிஸ்டத்திலேயே பதிவாகியிருக்கும். யாரும் மறுக்க முடியாத ஆதாரம் அதுதான், அதுவும் முழுக்க முறைப்படி சேர்ந்தது.

வாடிக்கையாளரிடம் சொல்ல உங்களிடம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் வருடத்துக்கு ஒருமுறை முழு கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்த கடன் அடைக்காததாகவோ, வேறொருவர் கடன் இவர் பெயரிலோ ஏறியிருப்பது அபூர்வமில்லை. புகார் கொடுத்து 30 நாளுக்குள் சரிசெய்யவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. கடன் வரலாறே இல்லாதவரை அந்த ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. இதை உங்கள் மேலாளரிடமும் காட்டலாம். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் போகலாம். ஆனால் கடன் கொடுப்பதும் மறுப்பதும் வணிக முடிவு என்பதால் கடனைக் கொடு என்று அவர் உத்தரவிடமாட்டார். அந்த நம்பிக்கையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சட்டம் எவ்வளவு துணை நிற்கும்? பால், சாதி, மதம் பார்த்துக் கடனில் பாகுபாடு காட்டக் கூடாது என்று வங்கிகளுக்கான நியாய நடைமுறை வழிகாட்டியில் ரிசர்வ் வங்கி 2003இலேயே சொல்லிவிட்டது. மாடல்களை இப்படிப் பிரித்துச் சோதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் வரவில்லை. ரிசர்வ் வங்கி அமைத்த குழு நிதித் துறையில் செயற்கை நுண்ணறிவு பற்றி 2025 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் நியாயமும் சமத்துவமும் அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்றாக இருக்கிறது. அது பரிந்துரைதான். இருந்தாலும் எந்த நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவும் அதைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

மேலாளருக்கு இப்படி எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுவாக இருக்கட்டும்: "நம் கிளையில் தனியாக விண்ணப்பிக்கும் பெண்களுக்கும் சில குடியிருப்புகளுக்கும் நிராகரிப்பு கூடுதலாக இருப்பதுபோல் தெரிகிறது. தற்செயலாகவும் இருக்கலாம். நல்ல வாடிக்கையாளர்களைப் போட்டி நிறுவனங்களிடம் இழக்கிறோமோ என்று கவலை. எல்லாக் கிளைகளையும் சேர்த்து, ஆண் பெண் வாரியாக ஒப்புதல் விகிதம் என்ன? மாடலில் கெட்ட கடன் என்பதற்கு வரையறை என்ன? வீட்டின் இருப்பிடம் மதிப்பெண்ணில் சேர்கிறதா? நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்று எப்போதாவது பார்த்தோமா? ரிஸ்க் டீமிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?" இதில் யார் மீதும் பழி இல்லை. வியாபாரக் காரணமும் இருக்கிறது, அது பொய்யும் இல்லை. முடிந்தால் பக்கத்துக் கிளைகளில் இதையே கவனித்த இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து அனுப்புங்கள், தனியாக நிற்கவேண்டி வராது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே மெயிலை, ஒரு சொல்கூட மாற்றாமல், உள் தணிக்கைப் பிரிவுக்கு அனுப்புங்கள். மாடல்களைச் சோதிப்பது யார் பொறுப்பு என்று அவர்கள் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.